குடிகாரனுக்கு ருசி ஒரு கேடா?

முதல்லயே ஒண்ணு. சாத்தூர் இல்லீங்க, சேத்தூர்! சாத்தூர்னா சேவு. சேத்தூர்னா ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர். மேற்கே மலை, சுற்றிலும் வயல், தென்னை, மாந்தோப்பு, நடுவே கரும்பு.

இந்த ஊரில் ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டி, லோடு ஏற்றியே வயதான ஒரு மாமா. வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்த அவருடைய அக்கா மகன். பெட்டியில் இருந்து ஒரு ஜமைக்கா ரம் பாட்டில் வெளியே வருகிறது. பாட் ஸ்டில் ரம், அதாவது பானையில் வடித்த ரம். மாமா டம்ளரை மூக்குக்குக் கொண்டு போகிறார்.

"என்ன மாப்ள, பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி அடிக்குது?"

"கொஞ்சம் பொறுத்து மோந்து பாருங்க மாமா."

ஒரு நிமிஷம் கழித்து மறுபடி மோந்து பார்க்கிறார். முகம் மாறுகிறது.

"அட... வைக்கோலுக்குள்ள வச்ச சப்பட்டை மாம்பழம் ரெண்டு நாள் ஜாஸ்தியாயிட்டா ஒரு வாசம் வருமே, அது. பின்னாடி வெல்லக் கொப்பரை நுரை தள்ளுற வாசமும் இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பொறுமை இழக்கிறார். "குடிகாரனுக்கு ருசி ஒரு கேடாக்கும்? கோலாவை ஊத்தி மடக்னு அடிச்சிட்டு எந்திரிங்கப்பா!"

எல்லாரும் சிரிக்கிறார்கள். காட்சி முடிந்தது.

சிரிப்புக்காகச் சொன்ன அந்த ஒரு வரிதான் தமிழ்நாட்டின் மதுக்கொள்கை. மதுவை விற்கிறவர்களின் கொள்கை அது. மதுவே கூடாது என்பவர்களின் கொள்கையும் அதுதான். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத விஷயம் இது ஒன்றுதான்: குடிக்கிறவனுக்கு நாக்கு கிடையாது, மூக்கு கிடையாது, தலைக்கு ஏறினால் போதும். இது தப்பு. வெறும் தப்பு இல்லை, அந்த மாமா மாதிரி ஆட்களுக்குச் செய்யும் அவமரியாதை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பாட் ஸ்டில் என்றதும் ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். சித்த வைத்தியத்தில் இதற்கு வாலை என்று பேர். வயிறு சரியில்லை என்றால் வீட்டில் கொடுக்கும் ஓமத் தீநீர் இப்படி வடித்ததுதான். கலத்தில் சரக்கைப் போட்டுச் சூடு பண்ணுகிறார்கள். ஆவி மேலே போய், குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஓமத் தண்ணீரில் ஓம வாசனை எப்படி வந்தது? ஆவியோடு சேர்ந்து அதுவும் ஏறி வந்தது. அவ்வளவுதான் விஷயம். பானை வடிப்பில், எதை வடித்தோமோ அதன் வாசனையும் கூடவே வரும்.

ரம்முக்கும் அதே கதை. கரும்புச்சாறையோ வெல்லத்தையோ மொலாசஸ் என்கிற கழிவுப்பாகையோ தண்ணீர் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். பிறகு செம்புக் கலத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். முதலில் வருவது காட்டமாக இருக்கும், அதை ஒதுக்குவார்கள். கடைசியில் வருவது கனமாக, ஈர நாற்றத்தோடு இருக்கும், அதையும் ஒதுக்குவார்கள். நடுவில் வருவதுதான் ரம். எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை வடிக்கிறவரின் மூக்கும் அனுபவமும் முடிவு செய்கின்றன.

இதற்கு நேர் எதிர் நம்ம ஊர் முறை. தூண் மாதிரி உயரமான கலம், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், நிற்காமல் ஓடும் வடிப்பு. சாராயத்தின் சுத்தத்தை 96 சதவீதம் வரை கொண்டு போய்விடலாம். அதன் லட்சியமே எந்த வாசனையும் மிஞ்சக்கூடாது என்பதுதான். அதனால்தான் அதற்கு 'நியூட்ரல்' ஸ்பிரிட் என்று பெயர். கரும்பில் இருந்து வந்ததா, சோளத்தில் இருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாத சாராயம். இதில் தண்ணீர் கலந்து 42.8 சதவீதத்துக்கு இறக்கி, காரமல் நிறம் சேர்த்து, எசன்ஸ் சேர்த்தால்... அதே டேங்க் சாராயம் ஒரு பாட்டிலில் ரம், இன்னொரு பாட்டிலில் பிராந்தி!

நம்பிக்கை இல்லையா? சாதா சரக்குப் பாட்டில் ஒன்றைத் திருப்பிப் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பல பாட்டில்களில் அவர்களே ஒப்புக்கொண்டிருப்பார்கள். முன்பக்கம் கப்பல், குதிரை, ராஜா படம். பின்பக்கம் நியூட்ரல் ஸ்பிரிட், தண்ணீர், நிறம், மணம். உண்மை எப்பவும் பொடி எழுத்தில்தான் இருக்கும் என்பது வணிகவியல் முதல் வருஷப் பாடம் :)

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வேலை நடக்காது. அங்கே 2019-இல் வந்த 787 எண் விதிப்படி, ரம் என்று பெயர் போட வேண்டுமானால் 96 சதவீதத்துக்குக் கீழேதான் வடிக்க வேண்டும். வடித்ததில் ரம்முக்கே உரிய மணமும் சுவையும் தெரிகிற அளவுக்கு இருக்க வேண்டும். வாசனை சேர்க்கக்கூடாது. மொலாசஸ் சாராயத்தை விஸ்கி என்று சொல்லி அங்கே விற்கவே முடியாது, தானியத்தில் இருந்து வந்தால்தான் விஸ்கி. அங்கே குடிக்கிறவன் ஏமாறக்கூடாது என்று சட்டம் கவலைப்படுகிறது. இங்கே பெயர், நிறம், எசன்ஸ் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறது.

"நியூட்ரல் ஸ்பிரிட் சுத்தமானதுதானே, அதில் என்ன குறை?" என்று யாராவது கேட்டால், நியாயமான கேள்வி. சுத்தம் என்ற அளவில் குறை இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இதைச் சொல்லிப் பாருங்களேன். பால்பவுடரையும் சர்க்கரையையும் எசன்ஸையும் கலந்து, "சுத்தமானதுங்க, பால்கோவான்னு பேர் வச்சிருக்கோம்" என்று விற்றால் விடுவார்களா? விறகடுப்பில் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிண்டினால் ஒரு மணம் வருமே, அது இல்லாவிட்டால் ஒரு வாயிலேயே சொல்லிவிடுவார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. ராஜபாளையம் நாய் வாங்க வருகிறவர் வெள்ளை நிறத்தைப் பார்ப்பார், மூக்கு ரோஸ் நிறமா என்று பார்ப்பார், தாய் தகப்பனைக் கேட்பார். 2005-இல் தபால்தலையில் ஏறிய நாயாச்சே! பால்கோவாவுக்கும் நாய்க்கும் பூர்வீகம் கேட்கிற இந்த வட்டாரத்தில், ரம்முக்கு மட்டும் யாரும் பூர்வீகம் கேட்பதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.

கேட்க வேண்டிய காரணம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம். கரும்பு நம்மது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பித்தார்கள். பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்போடு நிற்காமல், காட்டில் நாணல் மாதிரி வளரும் காட்டுக் கரும்பையும் ஒட்டுச் சேர்த்து கோ 205 ரகத்தைக் கொண்டு வந்தார்கள். அதற்குப் பின்னால் 'கோ' என்ற இரண்டு எழுத்தோடு கோயம்புத்தூர் ரகங்கள் உலகத்தின் பல கரும்பு தேசங்களுக்குப் போயின. இன்றும் தமிழ்நாட்டு வயல்களில் கோ 86032 பரவலாக நிற்கிறது. உலகத்துக்குக் கரும்பு கொடுத்த ஊர், தன் கரும்பின் ருசி என்னவென்று தெரியாத சாராயத்தைக் குடிக்கிறது!

இன்னொன்றும் இருக்கிறது. உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் ரம்களின் பின்னால் யார் கை இருக்கிறது? 1838-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கு முதல் இந்தியக் கூலிகள் போனார்கள். சில வருஷத்தில் மதராஸில் இருந்தும் கப்பல்கள் கிளம்பின. 1853-இல் மார்ட்டினிக், 1854-இல் குவாதலூப் என்று பிரெஞ்சுத் தீவுகளுக்கும் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஆட்கள் போனார்கள். எல்லாரும் போனது கரும்பு வெட்டத்தான். கயானாவில் போர்ட் மோரன்ட் என்று ஒரு கரும்புத் தோட்டம். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ரோஹன் கன்ஹாய் ஊர் என்றால் புரியும். அந்தத் தோட்டத்தில் இருந்த மரத்தாலான இரட்டைப் பானை வடிகலம் இன்றும் கயானாவின் டயமண்ட் வடிசாலையில் வேலை செய்கிறது. அதில் வடிக்கும் கனமான ரம்முக்கு உலகம் முழுக்க மரியாதை. பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்கு ஊற்றிக் கொடுத்த ரம்மிலும் கயானா சரக்கு முக்கியப் பங்கு.

நம்ம ஆட்கள் அங்கே போய் வெட்டிய கரும்பு உலகத்தரமான ரம் ஆகிறது. இங்கேயே இருந்து வெட்டிய கரும்பு குவார்ட்டர் ஆகிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு டன் கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தால் சுமார் 45 கிலோ மொலாசஸ் மிஞ்சும். அதில் இருந்து ஏறக்குறைய 10 லிட்டர் சாராயம் கிடைக்கும். 42.8 சதவீதத்துக்கு இறக்கினால் 23 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 180 மில்லி குவார்ட்டரில் அடைத்தால் சுமார் 130 பாட்டில். ஒரு குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18,200 ரூபாய். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த கரும்பு விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, டன்னுக்கு 3,550 ரூபாய். கழிவாக வந்த பாகு மட்டுமே கடை ஜன்னலில் கரும்பு விலையைப் போல ஐந்து மடங்காகி நிற்கிறது. அதில் பெரும்பகுதி வரி, சரி. அது அரசின் உரிமை என்றே விட்டுவிடலாம். கேள்வி வேறு. இந்தச் சங்கிலியில் கரும்பு நல்ல கரும்பா என்று கவலைப்பட யாருக்காவது காரணம் இருக்கிறதா? விவசாயிக்கு எடைக்குத்தான் காசு. ஆலைக்குக் கழிவைத் தள்ளினால் போதும். தூண் கலம் எந்தப் பாகைப் போட்டாலும் ஒரே சாராயத்தைத் தரும். விற்கிறவருக்குப் போட்டியே கிடையாது.

1983-இல் டாஸ்மாக் ஆரம்பித்தார்கள். 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24-இல் மது மூலம் வந்த வருமானம் 45,800 கோடி ரூபாய்க்கு மேல். எதிர்க்கடையே இல்லாத வியாபாரத்தில் தரத்துக்கு என்ன அவசியம்? ஜன்னலுக்குள் கை போகும், "ஒரு ரம்" என்று குரல் போகும், எது இருக்கிறதோ அது வெளியே வரும். 'எது நல்லா இருக்கும்ணே?' என்று எந்த ஜவுளிக்கடையிலும் கேட்கலாம். இங்கே கேட்டால் பின்னால் நிற்பவர் அடிப்பார். நல்ல சரக்கு வேண்டுமா? 2013-இல் இருந்து எலைட் கடைகள் இருக்கின்றன. ஏசி, அலமாரி, இறக்குமதி பாட்டில், இறக்குமதி விலை. அதாவது ருசி என்பது பணம் இருக்கிறவனுக்கு. சேத்தூர் மாமாவுக்குப் போதை மட்டும்.

ஆனால் மாம்பழத்தையும் வெல்லக் கொப்பரையையும் சரியாகப் பிடித்த மூக்கு யாருடையது? எலைட் கடைக்காரருடையதா, மாமாவுடையதா? ஜமைக்கா ரம்மின் அந்த வாசத்துக்கு வேதியியல் பெயர் எஸ்டர். நாள் கணக்கில் புளிக்க விடும்போது அமிலமும் சாராயமும் சேர்ந்து உண்டாவது. முதலில் அடித்த பெயிண்ட் வாசனை எத்தில் அசிட்டேட். அதற்குப் பின்னால் அன்னாசி, வாழைப்பழம். ஹாம்ப்டன் மாதிரியான ஜமைக்கா வடிசாலைகள் எஸ்டரை அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எழுத்துக்குறி வைத்திருக்கின்றன. 100 லிட்டர் சுத்தச் சாராயத்துக்கு 1,600 கிராம் வரை போகும் ரகமும் உண்டு. சாதாரண லேசான ரம்மில் பல நேரம் அது நூறைக்கூடத் தொடாது. இந்த அட்டவணை எதுவும் படிக்காமல் மாமா கண்டுபிடித்தார். மாந்தோப்பிலும் கொப்பரை அடுப்பிலும் வளர்ந்த மூக்கு அது.

அதை அனுபவிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். வாய் குறுகிய டம்ளர், அதில் 30 மில்லி. கோலா கூடாது, ஐஸ் கூடாது. சில நிமிஷம் சும்மா வைக்கணும். மூக்கை உள்ளே விடாமல், வாயைக் கொஞ்சம் திறந்தபடி மோந்து பார்க்கணும். நாக்கு நனைகிற அளவுக்கு ஒரு சொட்டு. முதல் வாய் எரியும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி. விழுங்கிய பின்னால் தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கணும். இப்படிக் குடித்தால் 30 மில்லிக்கு அரை மணி நேரம் ஆகும். நம்ம ஊரில் ஒரு குவார்ட்டருக்கு ஐந்து நிமிஷம்! ஏன்? வாயில் வைத்திருக்க முடியாத சரக்கை வேகமாகத்தானே விழுங்கியாகணும்? மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து குடிப்பது மாதிரி. மடக்னு அடிக்கிற பழக்கத்துக்குக் குடிக்கிறவன் மட்டும் காரணம் இல்லை, அந்தப் பாட்டிலும் காரணம்.

இங்கே மதுவிலக்குக்காரர்கள் குறுக்கே வருவார்கள். "ருசியான விஷம் என்றால் மட்டும் நல்லதா?" இல்லை. பானையில் வடித்தாலும் தூணில் வடித்தாலும் கல்லீரலுக்கு ஒரே சாராயம்தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. குடிக்காதவர் குடிக்காமலே இருப்பது உத்தமம். 21 வயது ஆகாத தம்பி தங்கைகளுக்குச் சட்டப்படி இது வெறும் பாடம் மட்டும். ஆனால் "எல்லாமே கெடுதல், அதனால் எதைக் கொடுத்தாலும் குடி" என்பது என்ன நியாயம்? பீடியும் கெடுதல்தான். அதற்காகப் புகையிலை இல்லாத பீடியை யாராவது விற்றால் சும்மா இருப்போமா?

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. "பானையில் காய்ச்சினதுதானே கள்ளக்குறிச்சியில் ஆட்களைக் கொன்றது?" இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிரைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் செத்தார்கள். கரும்புப் பாகு ஊறலில் அவ்வளவு மெத்தனால் தானாக வராது. (அதுக்காக வீட்டில் குக்கரை வைத்து யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள், குற்றமும்கூட, ஆபத்தும்கூட!) செத்தவர்கள் ருசி தேடிப் போகவில்லை. விலை குறைவாக, சீக்கிரம் ஏறுவதைத் தேடிப் போனார்கள். போதை ஏறினால் போதும் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிக் கொடுத்த பாடத்தின் கடைசிப் பக்கம் அது.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? கோவா தன் முந்திரி பெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு வாங்கியது, 2016-இல் அதை மாநிலத்தின் பாரம்பரிய பானம் என்று அறிவித்தது. இலங்கை தென்னங்கள்ளில் இருந்து வடித்த சாராயத்தைப் பெருமையாக ஏற்றுமதி செய்கிறது. பெங்களூரின் அம்ருத் வடிசாலை 2013-இல் வெல்லத்தில் வடித்ததையும் ஜமைக்கா, பார்படோஸ், கயானா ரம்களையும் சேர்த்து டூ இண்டீஸ் ரம் கொண்டு வந்தது. பிறகு வெல்லத்தில் இருந்து மட்டுமே பெல்லா என்று ஒரு ரம். கன்னடத்தில் பெல்லா என்றால் வெல்லம். பக்கத்து மாநிலத்தில் வெல்லத்தின் பெயரே ரம்மின் பெயர்! இங்கே 1987-இல் இருந்து கள்ளுக்குத் தடை. பனையும் தென்னையும் கரும்பும் நிற்கிற மண்ணில், எந்த மண்ணின் வாசமும் இல்லாத சாராயத்துக்கு மட்டும் அரசாங்கக் கடை.

கேட்பது ரொம்பப் பெரிசு இல்லை. ஒன்று, எதில் இருந்து, எந்தக் கலத்தில் வடித்தது, என்ன கலந்தது என்பதைப் பாட்டிலின் முன்பக்கம், குதிரை படத்துக்கு மேலே, பெரிய எழுத்தில் போடணும். இரண்டு, நியூட்ரல் ஸ்பிரிட்டில் எசன்ஸ் கலந்ததை ரம் என்று சொல்வதை நிறுத்தணும், வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். மூன்று, கரும்பு விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து தங்கள் சாறிலும் வெல்லத்திலும் சிறிய அளவில், அதிகாரிகள் கண்காணிப்பில் வடிப்பதற்கு உரிமம் தரணும். கரும்பு வாங்கிய 14 நாளுக்குள் பணம் கொடுக்கணும் என்று 1966-ஆம் வருஷத்து உத்தரவு சொல்கிறது. நிலுவைக்காக விவசாயிகள் எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தன் கரும்புக்கு ஒரு பெயரும் அதற்கென்று ஒரு விலையும் கிடைத்தால், ஆலை வாசலில் காத்துக் கிடக்கும் நிலைமை கொஞ்சமாவது மாறும்.

இதனால் அரசுக்கு வரி போய்விடாது. குடி கூடிவிடும் என்றும் பயப்பட வேண்டாம், 30 மில்லியை அரை மணி நேரம் குடிக்கிறவனால் ரோட்டோரம் விழுந்து கிடப்பது கஷ்டம்.

குடிகாரனுக்கு ருசி ஒரு கேடா? அந்தச் சேத்தூர் மாமா கேட்டது போதையை இல்லை. டம்ளரை மூக்கில் வைத்தபடி கடைசியாக அவர் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்:

"நம்ம கரும்புல இந்த மாதிரி ஏன் மாப்ள யாரும் வடிக்கல?"

பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.